கேலன் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பிரிங்

டுமீல்! டுமீல்! அதற்கப்புறம் 'க்ளக்' என்று ஒரு நொண்டிச் சத்தம்.

மார்லிஸ் ட்வெட் விசையை மறுபடி இழுத்தாள். விசை செத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர்களின் துப்பாக்கிகள் சோளப்பொரி மாதிரி வெடித்துக்கொண்டிருக்க, அவளுடையது மட்டும் வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு நின்றது. மூன்றாவது தோட்டா பாதி உள்ளே, பாதி வெளியே. ஒரு நிமிடத்துக்குள் பத்துக் குண்டு சுட வேண்டிய சுற்று அது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை உயரத் தூக்கினாள்.

விசில் ஊதி எல்லாம் ஓய்ந்த பிறகு வெர்னா வந்தாள். நாற்பது வருடம் அந்த வட்டாரத்துக்குத் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவள். இப்போது கிளப்பின் போட்டி நடுவர்.

"கையை எடு. ஒண்ணையும் தொடாதே." குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "ம்ம். போல்ட் பூட்டவே இல்ல. தோட்டா வழியிலேயே படுத்துக்கிச்சு. நிஜமான கோளாறுதான். அலிபி தர்றேன். சாப்பாட்டுக்கு அப்புறம் பத்தையும் முதல்லேர்ந்து சுடு."

அலிபி என்றால் மறுவாய்ப்பு. சுட்டவர் மேல் பிழையில்லை, துப்பாக்கிதான் மக்கர் செய்தது என்று நடுவர் ஒப்புக்கொண்டால், சுட்டதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாகச் சுடலாம். ஆனால் ஒரே ஒரு முறை. மறுபடியும் நின்றால் நின்றதுதான்.

"ரொம்ப நன்றி வெர்னா."

"எனக்கு எதுக்கு நன்றி? உன் துப்பாக்கிக்கு என்ன வந்துச்சுன்னு அதைக் கேளு."

மார்லிஸ் எழுந்தாள். இன்றைய போட்டியோடு மினசோட்டா மாநில அணிக்கான தேர்வு முடிகிறது. அணியில் காலியாக இருப்பது ஒரே இடம். அதற்கு மோதுவது இரண்டு பேர். ஒன்று அவள், இன்னொன்று கேலன் ஓப்டால். ஜெயிப்பவர் ஆகஸ்டில் ஒஹையோவுக்கு, தேசியப் போட்டிக்குப் போவார். தோற்பவர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு அந்த 'அடுத்த வருடம்' இல்லை. ஐம்பத்திரண்டு வயது, வலது கண்ணில் புரை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு முறை மாற்று ஆளாக வீட்டில் உட்கார்ந்து தொலைபேசிக்குக் காத்திருந்தவள். மூன்றாம் முறை அப்படி உட்கார அவளால் முடியாது.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வண்டிகள் நிற்கும் புல்வெளிக்குப் போனாள். வண்டியின் பின்கதவை இறக்கி, அதன் மேல் துணியை விரித்து, துப்பாக்கியைப் பிரித்தாள். பின்கட்டைக்குள் ஒரு குழாய். குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங். குண்டு போனதும் போல்ட் என்கிற இரும்புத் துண்டு பின்னால் ஓடிவந்து அந்த ஸ்பிரிங்கை நெருக்கும். ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். தள்ளுகிற வேகத்தில் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். தள்ள வலுவில்லை என்றால் இன்று ஆனதுதான் ஆகும்.

ஸ்பிரிங்கை உருவி வெளியே எடுத்தாள்.

அது குட்டையாக இருந்தது.

தளர்ந்து குட்டையானதில்லை. பிறவியிலேயே குட்டை. அவள் துப்பாக்கிக்கு வேண்டிய ஸ்பிரிங்கைவிட இரண்டு விரற்கடை கம்மி. நீளத்தை நீட்டிக் குறைக்கிற பின்கட்டை வைத்த சின்னத் துப்பாக்கிகளுக்குப் போடுகிற ரகம். அந்த மாவட்டத்தில் பாதிப் பேர் வண்டி இருக்கைக்குப் பின்னால் அப்படி ஒரு துப்பாக்கியைச் சொருகி வைத்திருப்பார்கள், கன்றுகளைத் தேடி வரும் நரிகளுக்காக. இந்த ஸ்பிரிங் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் அவளுடைய குழாய்க்குள் தானாக நடந்து வந்து புகுந்துகொள்ளாது.

யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. ஸ்பிரிங்கைச் சுருட்டிக் காலுறைக்குள் திணித்துக் கால்சராய்ப் பையில் போட்டுக்கொண்டாள். இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது. 'மாற்றிவிட்டார்கள்' என்று கத்தினால் ஆதாரம் கேட்பார்கள். கத்தாமல் இருந்தால் மாற்றியவனே வந்து முகத்தைக் காட்டுவான்.

எப்போது மாற்றியிருப்பார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. காலையில் நின்று சுடும் சுற்றை முடித்ததும் அவள் கூட்டம் குழிக்குப் போய்விட்டது. ஒரு கூட்டம் சுடும்போது மறு கூட்டம் மண்மேட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் நின்று அவர்களுடைய இலக்குப் பலகைகளை ஏற்றி இறக்கும். துப்பாக்கிகள், உள்ளே தோட்டா இல்லை என்று காட்டும் மஞ்சள் கொடியைச் சொருகிக்கொண்டு, மேலே தாங்கியில் சாய்ந்திருக்கும். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. அடுத்தவன் துப்பாக்கியைத் தொடுவதும் அடுத்தவன் பல்துலக்கியைத் தொடுவதும் ஒன்று என்று வளர்ந்தவர்கள்.

அவள் குழியில் இருந்த நேரத்தில் மேலே சுட்டுக்கொண்டிருந்தது கேலனின் கூட்டம். தாங்கியில் அவள் துப்பாக்கிக்குப் பக்கத்து இடம் கேலனுடையது.

"என்னம்மா, பிரேதப் பரிசோதனையா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். கேலனேதான். ஆறடிக்கு மேல் உயரம், வெளிறிய புருவம், சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கிற முகம். சர்க்கரை பீட்ரூட் விவசாயி. அவள் உட்கார்ந்து சுட்டபோது அவளுடைய பலகையைக் குழியிலிருந்து இழுத்தவனும் அவன்தான்.

"ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. பழசு" என்றாள் மார்லிஸ்.

"அப்படியா?" அவன் பார்வை துணி மேல் பரப்பியிருந்த பாகங்களில் ஊர்ந்தது. "எங்கே, காட்டு."

"தூக்கி எறிஞ்சுட்டேன்."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"கோபம் வந்துச்சு."

கேலன் தாடையைச் சொறிந்தான். "முதல் ரெண்டு குண்டும் காத்துல ஒதுங்கிப் போச்சு. பலகையை நான்தான் இறக்கினேன். ஒண்ணு எட்டு, ஒண்ணு ஏழு."

"தெரியும்."

"மூணாவதுல துப்பாக்கி நின்னுடுச்சு. நல்ல சமயம் பார்த்து நின்னுச்சு, இல்ல?"

மார்லிஸுக்கு முகம் சிவந்தது. திருடன் வந்து வீட்டுக்காரனிடமே கணக்குக் கேட்கிறான் பார்!

"சரி, அதை விடு. என்கிட்ட புதுசு ஒண்ணு இருக்கு. சாதா ஸ்பிரிங், உன் துப்பாக்கிக்குச் சரியா இருக்கும். தரட்டுமா?"

"வேணாம் கேலன், பரவாயில்ல."

"சும்மா பெட்டியிலதான் கிடக்கு. எடுத்துக்கோயேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

கேலன் தலையை ஆட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

மார்லிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாவது முறை கேட்காமல் போகிறானே! அந்தப் பக்கத்தில் எதை நீட்டினாலும் இரண்டு முறை மறுப்பார்கள், மூன்றாவது முறை வாங்கிக்கொள்வார்கள். காப்பியிலிருந்து கல்யாணம் வரைக்கும் அப்படித்தான். இரண்டோடு நிறுத்திக்கொண்டால், நீட்டியவனுக்குக் கொடுக்க மனமில்லை என்று அர்த்தம். கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு. கெட்டிக்காரன்!

உதிரிபாகம் விற்கும் டெல்மரின் கூடாரம் கொடிக்கம்பத்துக்கு அருகில் இருந்தது. ஊருக்குள் அவனுக்குக் கடை உண்டு. போட்டி நாட்களில் பாதிக் கடையை வண்டியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிடுவான். கேலனின் தங்கையைக் கட்டியவன். அது இதுவரை மார்லிஸுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. இன்றைக்கு உறுத்தியது.

"சாதா ஸ்பிரிங் ஒண்ணு குடு டெல்மர்."

டெல்மர் பெட்டிகளைக் கிளறினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாதா காலையிலேயே தீந்துடுச்சு மார்லிஸ்."

"இத்தனை காலையில ஸ்பிரிங்குக்கு யாரு அடிச்சுப்பிடிச்சு வந்தது?"

"அது... கேலன்தான். இருந்ததே ரெண்டு, ரெண்டையும் அவன் எடுத்துக்கிட்டான்."

"ரெண்டா? அவன்கிட்ட எத்தனை துப்பாக்கி இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? மச்சான்னா படுக்கையறைக்குள்ள போய் எண்ணிப் பார்க்க முடியுமா?" டெல்மர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "பலமான ஸ்பிரிங் இருக்கு. இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. உன் வீட்டுக்காரர்கூட இப்பத்தான் ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு, உனக்குன்னு."

எல்லாம் பொருந்தி வந்தது. முதலில் நல்ல ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குட்டையை வைப்பது. பிறகு கடையிலிருந்த நல்லது அத்தனையையும் வாரிக்கொள்வது. அப்புறம் பெரிய மனிதன் மாதிரி வந்து நீட்டுவது. அதை வாங்கினால் அதற்குள் என்ன வில்லங்கம் இருக்குமோ, யார் கண்டது?

சாப்பாட்டு மேசையில் கிளப் பெண்கள் ஹாட்டிஷ் பாத்திரங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கும் கொத்திறைச்சியும் சேர்த்து வெந்த வாசனை. ஓரின் ஏற்கெனவே தட்டை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மார்லிஸின் கணவன். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. அவளைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். உறை பிரிக்காத ஸ்பிரிங்.

"வெர்னா சொன்னா, துப்பாக்கி நின்னுடுச்சுன்னு. இதைப் போடு. இருக்கிறதுலயே பலமானது."

"என் தோட்டாவுக்கு இது ஆகாது ஓரின்."

"பலமா தள்ளினா நல்லதுதானே? தள்ளாமத்தானே நின்னுச்சு?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பக்கத்திலிருந்த இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள். அதில் ஒருவர், "ஒஹையோவுக்குப் போயிட்டா கோதுமை அறுப்பு என்ன ஆகும் ஓரின்? ஆகஸ்டாச்சே!" என்று வாயைக் கிளறினார்.

"கம்பைனை நான் ஓட்டுவேன்" என்றான் ஓரின். "லாரியை நாய் ஓட்டும். அதுக்கு லைசென்ஸ்தான் கிடைக்கல."

மேசையே சிரித்தது. மார்லிஸும் சிரித்தாள். போக வேண்டாம் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் 'நல்லதுதான், போயிட்டு வா' என்பான். அந்த ஒரு மனிதனையாவது இன்றைக்குச் சந்தேகப்படாமல் இருக்கலாம் என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஹாட்டிஷ் தொண்டையில் இறங்கியது.

வண்டிக்குத் திரும்பிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

அவள் தோட்டாவை அவளே அடைப்பவள். இந்தக் கிட்டத்துத் தூரத்துக்கு வெடிமருந்தைக் குறைத்து அடைத்திருந்தாள். தோளில் உதை கம்மி, குறி சீக்கிரம் இலக்குக்குத் திரும்பும். மெதுவான தோட்டா போல்ட்டையும் மெதுவாகத்தான் பின்னால் தள்ளும். எதிரே பலமான ஸ்பிரிங் முட்டுக்கொடுத்தால் போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். அடுத்த தோட்டாவை எட்டிப் பிடிக்காது. வெறும் வாயை மென்றுகொண்டு மூடும். மறுபடியும் 'க்ளக்'. இந்த முறை அலிபி கிடையாது.

காரமாக அடைத்த தோட்டாவும் அவளிடம் இருந்தது. ஆனால் அது தூரத்து இலக்குக்கான நீளத் தோட்டா, தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் நுழையாது. ஒரு குண்டு சுட்டுச் சோதித்துப் பார்க்கலாமா என்றால், போட்டி நடக்கும்போது சோதனைக் குண்டுக்கு இடமில்லை. போடுகிற ஸ்பிரிங் சரியா தப்பா என்பது பத்துக் குண்டும் சுடுகிறபோதுதான் தெரியும்.

ஆக, நம்பிக்கையான கையிலிருந்து வந்தது தப்பான ஸ்பிரிங். சரியான ஸ்பிரிங் இருப்பதோ நம்பவே முடியாத கையில்.

பலமானதையே போட்டுவிடலாமா? கேலன் சாதா ஸ்பிரிங்கைத் தருகிறேன் என்கிறான். அவன் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்வதுதானே புத்திசாலித்தனம்? ஒரு நிமிடம் அப்படியே நினைத்து உறையைக்கூடக் கிழித்துவிட்டாள். கிழித்து, ஸ்பிரிங்கை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கை வலித்தது. கேலன் கெட்டவனாக இருக்கலாம், ஆனால் இரும்புக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. அவனுக்காகத் தன் தோட்டாவின் குணம் மாறப்போவதில்லை.

எழுந்தாள். அடுத்து அவள் செய்த காரியம் அந்த ஊரில் யாரும் செய்யாதது. இரண்டு முறை மறுத்த பொருளைத் தானே போய்க் கேட்டாள்.

கேலன் வண்டி நிழலில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நாலு பேர் சுற்றியிருந்தார்கள். அவள் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"கேலன், அந்த ஸ்பிரிங் இன்னும் இருக்கா?"

நாலு பேரும் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். கேலன் காதுவரை சிவந்தான். யாரோ பொது இடத்தில் ஆடையை அவிழ்த்துவிட்ட மாதிரி.

"இருக்கு... இருக்கு" என்று எழுந்தான். பெட்டியைத் திறந்தான். எண்ணெய்த் தாளில் சுற்றிய ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தான்.

"ரெண்டு வாங்கினியாமே?" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

"ஆமா. ஒண்ணு காலையிலயே மாட்டினேன். ஒண்ணு கையிருப்பு. வருஷா வருஷம் மாத்துவேன். நீ மாத்த மாட்டியோ?"

கேள்வியிலேயே ஒரு முள். அவள் ஸ்பிரிங்கை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஸ்பிரிங்கை ஒரு சோறு விடாமல் பதம் பார்த்தாள். வளையம் வளையமாகக் கட்டைவிரலை ஓட்டினாள்; எங்காவது அரம் போட்டிருக்கிறானா? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், எங்காவது கோணலா? இரண்டு முனையையும் முகர்ந்துகூடப் பார்த்தாள். காலுறைக்குள்ளிருந்த குட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளந்தாள். அதைவிட இது இரண்டு விரற்கடை நீளம். சரியான அளவு. குறை எதுவும் கண்ணில் படவில்லை. குறை இல்லாததே அவளுக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. ஆனாலும் எண்ணெய் தடவிக் குழாய்க்குள் இறக்கினாள். குட்டையை மறுபடி காலுறைக்குள் ஒளித்தாள்.

சாப்பாட்டுக்குப் பின் அலிபிக்காக வரிசையில் உட்கார்ந்தது அவள் ஒருத்திதான். பின்னால் மொத்தக் கிளப்பும் நின்றது. கேலன் கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில். ஓரின் சற்றுத் தள்ளி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. மேற்குக் காற்று புல்லைச் சாய்த்தது. கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது. அவள் அசையவில்லை.

"ஆயத்தமா?" என்றாள் வெர்னா.

பலகை ஏறியது. மார்லிஸ் விசையை நெருக்கினாள்.

டுமீல். 'க்ளாக்' என்று போல்ட் பூட்டிக்கொண்ட சத்தம் கன்னத்தில் உறைத்தது. டுமீல். க்ளாக். மூன்றாவது வந்தபோது மூச்சை நிறுத்திவிட்டாள். டுமீல். க்ளாக்! ஐந்து முடிந்ததும் மேகசின் மாற்றினாள். அதற்கப்புறம் அவள் எதையும் நினைக்கவில்லை. காற்றை மட்டும் பார்த்தாள், குறியை மட்டும் பார்த்தாள். பத்தாவது குண்டு போன பிறகுதான் விசில் ஊதியது. போல்ட் திறந்தபடி கம்பீரமாக நின்றது.

பலகை இறங்கி ஏறியது. ஒன்பது குண்டு நடுவட்டத்தில். ஒன்று விளிம்பில்.

யாரோ கைதட்டினார்கள். மார்லிஸ் எழுந்திருக்கவில்லை. காதில் அந்த 'க்ளாக்' இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. கூர்மையான, உயிருள்ள சத்தம். அவள் துப்பாக்கிக்கு எப்போதும் உள்ள சத்தம். காலையில் நின்று சுட்டபோது அந்தச் சத்தம் இல்லை. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைத்துச் சுடுகிற சுற்று அது. தள்ள வேண்டிய வேலை அதிகமில்லாததால் துப்பாக்கி நிற்கவில்லை. ஆனால் போல்ட் மூடியது சோம்பலாக, 'ளப்' என்று. இருபது முறை கேட்டும் அவள் பொருட்படுத்தவில்லை.

அப்படியானால் குட்டை ஸ்பிரிங் காலையிலேயே உள்ளே இருந்திருக்கிறது. அவள் குழிக்குப் போவதற்கு முன்னால். துப்பாக்கி தாங்கியில் சாய்வதற்கு முன்னால்.

கேலன் இல்லை.

அப்புறம் யார்? உடனே புதன்கிழமை நினைவுக்கு வந்தது. முன்குறி ஆடுகிறது என்று துப்பாக்கியை டெல்மரின் கடையில் கொடுத்துவிட்டு மளிகை வாங்கப் போனாளே! அதனால்தான் அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் கிளறினானோ? மச்சானுக்காக மாப்பிள்ளை செய்த வேலை! ஒரு சந்தேகம் செத்தால் அதன் இடத்தில் இன்னொன்று முளைத்தது.

மற்றச் சுற்றுகள் மாலைவரை நடந்தன. அந்த ஸ்பிரிங் ஒரு முறையும் முரண்டு பிடிக்கவில்லை. கடைசியில் வெர்னா கொடிக்கம்பத்தடியில் நின்று வாசித்தாள். மார்லிஸ் ட்வெட், மூன்று புள்ளி முன்னால். மாநில அணி.

கூட்டம் கலைந்தபோது கேலன் வந்தான். கையை நீட்டினான். அவள் குலுக்கினாள்.

"உன் ஸ்பிரிங்கை இப்பவே கழட்டித் தர்றேன்."

"வெச்சுக்கோ."

"வேணாம், உன் பொருள்..."

"வெச்சுக்கோன்னா வெச்சுக்கோ. மூணாவது தடவை சொல்ல மாட்டேன், என்னைத் தெரியும்ல?" அவன் முகத்தில் நிஜமாகவே ஒரு சிரிப்பு ஓடியது. அப்புறம் மறைந்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது."

மார்லிஸின் கை கால்சராய்ப் பையைத் தடவியது.

"நீ வேணும்னே நிறுத்தினேன்னு நெனச்சேன்" என்றான் கேலன். "முதல் ரெண்டும் கெட்டுப்போச்சு, அலிபி வாங்கினா ரெண்டும் அழிஞ்சுடும். அப்படிப் பண்றவங்களை நான் பார்த்திருக்கேன். பழைய ஸ்பிரிங்கைக் காட்டுன்னேன், எறிஞ்சுட்டேன்னே. சந்தேகம் முத்திடுச்சு. அதான் நல்ல ஸ்பிரிங்கைக் குடுத்தேன். மறுபடி நின்னா, ஸ்பிரிங் மேல பழி போட உனக்கு வழி இருக்கக் கூடாதுல்ல?"

"உதவிக்குன்னு குடுக்கலையா அப்ப?"

"உதவியா? நான் ஜெயிக்கத்தான் வந்தேன்." காலால் புல்லைக் கிளறினான். "ஆனா அந்தப் பத்துக் குண்டைப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. ஏமாத்துறவ அப்படிச் சுட மாட்டா. மன்னிச்சுக்கோ."

'நானும் உன்னைத்தான்...' என்று வாய்வரை வந்தது. அந்த ஊர்க்காரி, விழுங்கிவிட்டாள். "காத்து அடங்கிடுச்சு. அதனாலதான்" என்றாள். அதுவே அங்கே மன்னிப்பு.

வீட்டுக்குப் போகும்போது ஓரின் வண்டியை ஓட்டினான். இரண்டு பக்கமும் கோதுமை. பச்சை போய், கதிர் நுனிகளில் லேசாக மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். சாலையை எப்போதாவது பார்த்தான்.

மார்லிஸ் மனதுக்குள் டெல்மரை விசாரித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் போக வேண்டும். எதையும் சொல்லாமல் காலுறையை மேசையில் கொட்ட வேண்டும். அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, எவர் கண்ணிலும் காட்டவில்லை. கேலனுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்பதுதான். வெர்னாவுக்குத் தெரிந்தது துப்பாக்கி நின்றது என்பது. ஓரினிடம்கூட அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நல்லா சுட்டே" என்றான் ஓரின்.

"ம்ம்."

"நான் வாங்கிக் குடுத்ததைப் போடல போல."

"என் தோட்டாவுக்கு அது ஆகாது. சொன்னேனே."

"சொன்னே, சொன்னே." கொஞ்ச தூரம் போனான். "ஆகஸ்ட் எந்த வாரம்?"

"முதல் வாரம் கிளம்பணும். பத்து, பன்னிரண்டு நாள் ஆகும்."

"நல்லதுதான். போயிட்டு வா."

வண்டி சரளைக்கல் பாதையில் திரும்பியது. அவர்கள் வீட்டுத் தானியக் குதிர்கள் தூரத்தில் தெரிந்தன. ஓரின் வேகத்தைக் குறைத்தான். தொண்டையைச் செருமினான். கண்ணைக் கோதுமையிலிருந்து எடுக்கவில்லை.

"அந்தக் குட்டை ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுடாதே மார்லிஸ். அது இல்லாம என்னோட நரித் துப்பாக்கி சும்மா கிடக்கு."